எழுபத்தைந்து முடியட்டும்

"ஹலோ... கென்சாகுவா? அக்கா பேசுறேன்... மாட்சுவேலேர்ந்துதான்டா, வேற எங்கேர்ந்து? நீ அனுப்பின பேரிக்காய்ப் பெட்டி வந்துடுச்சு... ஆமா, ஆமா, நல்லா இனிப்பு... அது கிடக்கட்டும், எதுக்கு இப்படி மூச்சு வாங்குது?... மாடியிலேர்ந்து ஓடி வந்தியா? உன் வீட்டுல ஏதுடா மாடி?"

தமாயே போனை மறு காதுக்கு மாற்றினாள். எழுபத்தெட்டு வயதில் அந்தக் காதுதான் கொஞ்சம் ஒழுங்காகக் கேட்கும். தம்பி பொய் சொன்னால் இரண்டு காதுக்கும் கேட்கும்.

"இதயத்துக்குக் கொடுத்த மாத்திரையைப் போடுறியா?... ஓகோ. அப்போ மருந்து நோட்டை எடு... பார்மசியில ஸ்டிக்கர் ஒட்டித் தருவாங்களே, அதேதான். கடைசித் தேதியைப் படி... செப்டம்பரா! இது நவம்பர்டா. முப்பது நாள் மாத்திரை இன்னும் தீரலையா? டப்பாவுக்குள்ள குட்டி போடுதா?... என்னது, ஒருநாள் விட்டு ஒருநாளா? யார் சொன்னது, டாக்டரா?... ஓ, கால்குலேட்டரா!"

"...தெரியும்டா, எனக்குச் சொல்லாதே. இப்போ மருந்துச் செலவுல உன் பங்கு பத்துல ரெண்டு. இருபதாம் தேதி எழுபத்தஞ்சு முடிஞ்சா பத்துல ஒண்ணு. மிச்சத்தை சர்க்கார் பார்த்துக்கும்... கெட்டிக்காரன்தான் போ. அதுவரைக்கும் காத்திருக்கச் சொல்லி இதயத்துக்கிட்டயும் கையெழுத்து வாங்கிட்டியா?... சிரிக்காதே."

"சரி, புது மருத்துவ இன்சூரன்ஸ் அட்டை தபால்ல வந்திருக்கணுமே?... வந்தும் பிரிக்கலையா? பிறந்தநாளுக்கு முன்னாடி பிரிக்கக்கூடாதா! இது எந்த ஊர்ச் சம்பிரதாயம்? பிரிடா."

உறை கிழிந்தது.

"ஹலோ... என்ன போட்டிருக்கு?... ரெண்டா? அதே ரெண்டா?... ஐயோ கடவுளே, இரு, சிரிச்சு முடிச்சுக்கிறேன்... வருமானம் கூடுதலா இருந்தா எழுபத்தஞ்சு ஆனாலும் ரெண்டுதான்டா! கார் நிறுத்துற இடத்தை வாடகைக்கு விட்டு ராஜாவாட்டம் இருக்கேன்னு ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சியே, சர்க்கார் காதுக்கும் போயிடுச்சு!... ஆமா, ரெண்டு மாசம் மாத்திரையை மிச்சம் பிடிச்சது வீண்தான். அதுக்கேன் அழுற?... அழலையா? அப்புறம் என்ன?... ராத்திரி படுக்க முடியலையா?... கால்ல செருப்பு நுழையலையா? எத்தனை நாளா?"

தமாயேயின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"...ஏய், என்ன சத்தம் அது? தண்ணி குடிக்கிறியா?... விட்ட மாத்திரையெல்லாம் சேர்த்து முழுங்காதேடா! கீழே வை... வச்சுட்டியா? கென்சாகு, இங்க பாரு. நம்ம நாலு பேருல மிச்சம் நீயும் நானும்தான். நீயும் போயிட்டா நான் யாரைடா திட்டுவேன்?... ஆமா, பயமாத்தான் இருக்கு. உனக்கு இல்லையா?... அப்போ இப்பவே ஆம்புலன்ஸைக் கூப்பிடு... என்ன யோசனை?... ஆமாண்டா, ஆம்புலன்ஸுக்குக் காசே கிடையாது... பார்த்தியா, இதுக்கு மட்டும் உடனே சரிங்கிறே!... வாசக்கதவைத் திறந்து வச்சுட்டு உட்காரு. மருந்து நோட்டைக் கையில வச்சுக்கோ. நான் அடுத்த ரயில்ல ஆஸ்பத்திரிக்கு வந்துடுறேன்... பயறும் அரிசியும் எடுத்துட்டு வர்றேன். இருபதாம் தேதி உன் பிறந்தநாளுக்குச் சிவப்புச் சோறு ஆக்க வேண்டாமா?... சரி, சரி, போனை வை. நான் வந்து சேர்றதுக்குள்ள செத்துகித்துப் போனே, கொன்னுடுவேன்!"