குஞ்சின் முதுகில் கோடு கண்டவருக்கு

வான்கோழிக் குலம் வளர வாழ்நாளை வழங்கிய வித்தகரே! பொரித்த அன்றே பெட்டை எது, சேவல் எது என்று பார்த்தவுடன் சொல்லும்படி, பஞ்சு முதுகில் பட்டைக் கோடு படைத்த பண்பாளரே! பொரிப்பகத்தார் செல்லமாக அழைக்கும் 'கோடு சார்' அவர்களே, வணக்கம்.

உண்மையைச் சொன்னால், தங்கள் பணி ஓய்வு விழாவுக்கு நாங்கள் முதலில் எழுதிய வாழ்த்து மடல் இது அல்ல. அது போன வாரமே அழகாக எழுதி, சட்டம் போடப் போயிருந்தது. நேற்று மாலை தாங்கள் வந்து சொன்னதைக் கேட்டபின் அதைக் கிழித்துப் போட்டோம். வாசிக்கும்போது குரல் தடுமாறினால் அவையோர் பொறுத்தருள்க.

முப்பத்திரண்டு ஆண்டுகள் தாங்கள் ஆற்றிய அரும்பணியை யார் மறுக்க முடியும்? முன்பெல்லாம் ஒவ்வொரு குஞ்சின் வால்புறத்தையும் பிதுக்கிப் பார்த்தே ஆண், பெண் பிரித்தோம். பிதுங்கிய வேகத்தில் போன உயிர்கள் எத்தனையோ. வெளிர் இனச் சேவலையும் கரு இனப் பெட்டையையும் சேர்த்துத் தாங்கள் அதற்கு முடிவு கட்டினீர்கள். தகப்பனின் வெளுப்பு மகள்களுக்கும், தாயின் கருமை முதுகுக் கோடாக மகன்களுக்கும் போய்ச் சேர்ந்தது. மாற்றிச் சேர்த்தாலோ எல்லாக் குஞ்சின் முதுகிலும் கருங்கோடு.

பதினோரு ஆண்டுகளுக்கு முன் அப்படித்தான் ஆனது. பொரிப்புப் பெட்டியைத் திறந்தால் நாலாயிரம் குஞ்சுக்கும் கருங்கோடு; ஒரு வருட உழைப்பு பாழ். குஞ்சில் தெரியும் வேறுபாடு பிறகு மறைந்துவிடுவதால், நம் இரு இனங்களிலும் வளர்ந்த சேவல்கள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். காலில் கிடக்கும் வளையம் ஒன்றே அடையாளம்: வெளிர் இனத்துக்குச் சிவப்பு, கரு இனத்துக்குப் பச்சை. தேய்ந்த வளையங்களை மாற்றியவர் தாங்கள். வளையம் பார்த்துப் பட்டி பிரித்தவர், இனப்பெருக்கப் பட்டியைக் கவனித்துவந்த எங்கள் அக்கா. குஞ்சு பொரிக்கும் முன்பே சேவல்கள் விலை போய்விட்டதால், மிஞ்சியது இருவர் வாய்ச்சொல் மட்டுமே.

"வெளிர் சேவலுக்கு நான் போட்டது சிவப்பு. என் கண்ணால பாத்துத்தான் போட்டேன்" என்றீர்கள் விசாரணையில். தங்கள் சொல்லுக்கு மறுசொல் ஏது? அக்காவைத் தீவனக் கிடங்குக்கு மாற்றினார்கள். பறவையைத் தொடக்கூடாது என்று உத்தரவு. மூட்டை எண்ணியே பதினோரு வருடம் போனது அவருக்கு. குஞ்சுகளின் சத்தம் கேட்டால் கிடங்குக் கதவைச் சாத்திக்கொள்வார். "வளையம் மாத்தின மகராசி" என்று கேலி பேசியவர்கள், வேறு யார், கீழே கையொப்பமிட்டிருக்கும் நாங்கள்தான். வெட்கத்தோடு சொல்கிறோம்.

போன வாரம் புதுக் கண்ணாடிக்காகக் கண் மருத்துவரிடம் போனீர்கள். புள்ளி புள்ளியாக எண்கள் அச்சிட்ட புத்தகத்தை அவர் நீட்ட, ஒரு எண்ணும் தங்களுக்குத் தெரியவில்லை. சிவப்பும் பச்சையும் தங்களுக்குப் பிறவியிலிருந்தே ஒன்றுதானாம். குஞ்சிலும் தாங்கள் கண்டது வெளுப்பும் கருப்பும் மட்டுமே. அதனால்தான் அந்தக் கோட்டை அவ்வளவு துலக்கமாக வடித்தீர்கள். நிறம் பிரித்தறிய உலகுக்கு வழி சொன்னவருக்கு நிறம் தெரியாது என்பதை நேற்றுத்தான் அறிந்தோம்.

நேற்று தாங்கள் நேரே கிடங்குக்குப் போனீர்கள். வளையத்தை மாற்றிப் போட்டது தாங்கள்தான் என்று, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னீர்கள். அக்கா கையிலிருந்த சாக்கு ஊசியைக் கீழே வைத்தார்.

"நான்தான் மாத்திட்டேன்னு நானே நம்பிட்டேன் சார்" என்றார் பிறகு. "என் கையவே நான் நம்பாம இருந்தேன், இத்தனை வருஷமா. வீட்டுல மருந்து எடுத்துக் கொடுக்கக்கூட எம்பொண்ணைத்தான் கூப்பிடுவேன்."

தாங்கள் எங்கள் பக்கம் திரும்பி, "மடல்ல எழுதுங்க. ஒரு வார்த்தை விடாம எழுதுங்க. சட்டம் போட்டு இந்தம்மா வீட்டுச் சுவத்துல மாட்டுங்க. எனக்கு வேண்டாம்" என்றீர்கள். அப்படியே மேலாளர் அறைக்குப் போய் உட்கார்ந்துகொண்டு, அக்காவை மீண்டும் இனப்பெருக்கப் பட்டிக்கு மாற்றி அவர் ஆணை பிறப்பிக்கும் வரை நகர மறுத்துவிட்டீர்கள்.

கையொப்பம் கேட்டு இன்று காலை அக்காவிடம் போனோம். "போடுறேன். வேலையை நல்லாத்தான் பண்ணினாரு" என்று போட்டுக்கொடுத்தார். பேனாவை மூடிவிட்டு, "மன்னிச்சுட்டேன்னு மட்டும் எழுதிடாதீங்க. அதை நான் இன்னும் யோசிக்கல" என்றார். ஆகவே அதை இங்கே எழுதவில்லை.

பெருந்தகையே! தாங்கள் நோயின்றி நெடுநாள் வாழ வேண்டும். அக்கா யோசித்து முடிக்க எத்தனை வருடமானாலும், அந்தப் பதில் எதுவாயினும், அதைக் கேட்கத் தாங்கள் இருக்க வேண்டும்.

இவண்,
இனப்பெருக்கப் பட்டிப் பொறுப்பாளர் அக்காவும்,
பொரிப்பகப் பணியாளர்கள் அனைவரும்