முழங்காலுக்குக் கீழே

நர்சிங் மாணவிகளுக்கு ஒரு நோயாளியைத் தலையிலிருந்து கால்வரை பார்க்கச் சொல்லிக்கொடுத்தால், காலுக்கு வருவதற்குள் அவர்களுக்குப் பசி வந்துவிடும். தலைமுடியை விலக்கிப் பேன் தேடும்போது இருக்கும் உற்சாகம் முழங்காலுக்குக் கீழே இருக்காது. பூந்தமல்லிப் பக்கம் ஒரு கல்லூரியில் பத்தொன்பது வருடம் இதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். கால் பாக்கி இருக்கும்போது யாரையும் சாப்பிட விட்டதில்லை.

மைதிலி என் மாணவி. கெட்டிக்காரி. படித்து முடித்ததும் ஆவடியில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்தாள். மூன்று வருடத்துக்கு முன் என் கணவர் ஸ்ரீகாந்த் முதுகில் அறுவை சிகிச்சை முடிந்து அங்கேதான் படுத்திருந்தார். ஆறு நாள். அசையாமல் கிடப்பவர்களுக்குக் கெண்டைக்காலில் ரத்தம் உறையலாம். கால் வீங்கும், சுடும். கவனிக்காமல் விட்டால் அந்தக் கட்டி நகர்ந்து போய் நுரையீரலை அடைக்கும். ஏழாம் நாள் காலை எழுந்து நின்றவர் அப்படியே சாய்ந்து இறந்தார்.

கேஸ் ஷீட்டில் ஆறு நாளும் மைதிலியின் கையெழுத்தில் 'இரு கால்களும் நார்மல்' என்று இருந்தது. ஒருநாள்கூட அவள் போர்வையை விலக்கவில்லை. கேட்டதற்கு அழுதாள்.

"அவரு உங்க ஊட்டுக்காரரு மிஸ். லுங்கியத் தூக்கிப் பாக்க ஒரு மாதிரியா இருந்துச்சு."

மரியாதையாம். நான் அவளைத் திட்டவில்லை, புகார் எழுதவில்லை. டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

போன மாதம் மாணவிகளைப் பிரசவ வார்டுக்குக் கூட்டிப் போனபோது ஒரு கட்டிலில் மைதிலி இருந்தாள். சிசேரியன் முடிந்து நாலாம் நாள். பெண் குழந்தை. வலிக்குப் பயந்து கட்டிலை விட்டு இறங்குவதே இல்லையாம்.

"நர்சுன்னு பேருதான் டீச்சரம்மா, எய்ந்து நடன்னா கேக்க மாட்டேன்றா" என்றாள் அவள் அம்மா தாயம்மா.

"இன்னிக்கு இவங்க பழகுற பொம்மை நான்தானா மிஸ்? ஊசி மட்டும் வாணாம்" என்று மைதிலி சிரித்தாள்.

ஸ்வாதி என்ற இரண்டாம் வருட மாணவியைப் பார்க்கச் சொன்னேன். தலை, கண், மார்பு, வயிறு என்று ஒழுங்காக வந்து போர்வையை விலக்கினாள். இடது கெண்டைக்கால் வலதைவிட ஒரு சுற்று பெருத்து, தோல் மினுமினுத்தது.

"மிஸ், சுடுது."

"பிள்ளை பெத்தவளுக்குக் கால் வீங்கத்தான் செய்யும். நார்மல்னு எழுது."

மைதிலி தலையைத் தூக்கினாள். "மிஸ், அது ஒருவேளை..."

"உனக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தானே?"

"ஆமா மிஸ்" என்று தலையணையில் சாய்ந்துகொண்டாள்.

தாயம்மாவுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. "பயப்படுற மாரி எதுனா கீதுங்களா, டீச்சரம்மா?"

"ஒண்ணும் இல்லம்மா. காலையில நல்லா நடக்க வையுங்க."

போர்வையை நானே இழுத்து மூடினேன். மறுநாள் காலை பாத்ரூமுக்குப் போகும் வழியில், அம்மாவின் தோளைப் பிடித்தபடியே மைதிலி இறந்தாள்.

ஸ்வாதியை விட்டுவிடுங்கள், இன்ஸ்பெக்டர் சார். அவள் கை எழுதியதே தவிர, வார்த்தை என்னுடையது. அது ரத்தக்கட்டி என்று பார்த்ததுமே எனக்குத் தெரிந்தது. டாக்டரை ஒரு குரல் கூப்பிட்டிருந்தால் அவள் பிழைத்திருக்கலாம். தெரிந்தேதான் கூப்பிடவில்லை.

அந்த ஆறு நாளும் என் கணவர் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று இரண்டு முறை கேட்டுவிட்டீர்கள். நான்தான் இருந்தேன். முகம் துடைத்தேன், கஞ்சி ஊட்டினேன். ஐந்தாம் நாள் மதியம், "வசந்தா, இடது கால் இழுக்குது" என்றார். அவர் தூங்கும்வரை போர்வைக்கு மேலேயே அமுக்கிவிட்டேன். அப்படிப்பட்ட காலை அமுக்கவே கூடாது, அமுக்கினால் கட்டி நகரும் என்று வகுப்பில் வருடா வருடம் சொல்கிறவள்தான் நான். ஆனால் அன்றைக்கு நான் டியூட்டியில் இல்லை சார். மைதிலிதான் இருந்தாள்.