தளை தட்டாத மாப்பிள்ளை

— இந்த மலையில வெள்ளைக்காரன் நட்டது தேயிலை, செல்லையா. தோட்டத்துக் கணக்கெழுதும் இந்தச் சாம்பசிவம் நட்டது வெண்பா. தேயிலை ஒருநாள் பட்டுப்போகும், இது நிற்கும்.

— நிக்கட்டும் கிராணி ஐயா. நீங்க எழுதுன தாள்ல மாப்பிள்ள பேரு வர்ற எடம் காலியா இருக்கே?

— அந்தப் பெயர் வராது.

— நாளைக்கு ரிங்லெட் கோயில்ல எம் மக கல்யாணம்லா! வாழ்த்து மடல சம்பந்தி வீட்டுல கலர் டீவிக்கு மேல மாட்டப் போறாங்க. பேரில்லாட்டி பொண்ணத் திருப்பி அனுப்பிருவாங்க.

— கவனி. சுப், பிர, மணி, யம். நாலு அசை. வெண்பாவில் நாலசைச் சீர் நுழையவே கூடாது.

— ரெண்டா வெட்டிப் போடுங்க.

— சுப்பிர, மணியம். விளத்துக்குப் பின்னால் நேர் வரணும். நிரை வந்து நிற்குது. தளை தட்டுது.

— தட்டுனா தட்டட்டுமே! எங்க லோரியுந்தான் தாப்பா டவுன் வரைக்கும் தட்டிக்கிட்டே போவுது.

— மடையா, அது லோரி!

— சரி, வெறும் மணியம்னு போடுங்க.

— மணியம், புளிமா. அடுத்து நிரை வரணும். 'வாழ்க' என்று நேர் அல்லவா வந்திருக்கு?

— அப்ப வாழ்கவ எடுத்துருங்க.

— கல்யாண வாழ்த்தில் வாழ்கவை எடுப்பதா? உன் மகளைப் பார். ரஞ்சிதம், கூவிளம். 'ரஞ்சிதம் வாழ்க.' மணையில் உட்கார்ந்த மாதிரி உட்காருது! மாப்பிள்ளையை ஐசி அட்டையில் பேரை மாத்தச் சொல்லு.

— நாளைக்குள்ளயா?

— மாத்தாவிட்டாலும் பாதகமில்லை. நூறு மடல் அச்சாகி வந்தாச்சு. உன் சம்சாரந்தான் காலையிலேயே கட்டோட வாங்கிட்டுப் போச்சு.

— ஐயோ! காலியாவா அடிச்சீங்க?

— காலி விட்டால் அடி ஊனமாகும். வாழ்கவுக்கு முன்னால் பொருந்துகிற பெயராக ஒன்று போட்டேன். கூவிளங்காய். அப்பழுக்கில்லை.

— யாரு பேரு?

— இலக்கணம் கேட்ட பெயர்.

— யாரு பேருங்கய்யா?

— சாம்பசிவம்.

— அது ஒங்க பேராச்சே!

— தளை தட்டுதா, சொல்லு?

— போச்சு, எம் மக வாழ்க்க போச்சு! இந்தா, வேலம்மாவே வருது. ஏ வேலம்மா, மடல சம்பந்தி வீட்டுல குடுத்துட்டியா?

— குடுத்தாச்சு. அப்பவே டீவிக்கு மேல மாட்டிட்டாங்க.

— ஒண்ணும் கேக்கலியா?

— மடல்ல மேல இருக்கிற முருகர் படம் அழகா இருக்குன்னாங்க. யாரும் படிக்கல. தோட்டத்து லைன்ல எல்லாரு வீட்டுக்கும் குடுத்தேன், அங்கயும் யாரும் படிக்கல.

— நூறு மடலில் ஒருத்தர்கூடவா படிக்கலை, வேலம்மா?

— ஒங்க சம்சாரம் படிச்சாங்க, கிராணி ஐயா. ரெண்டு தடவ படிச்சாங்க. பெட்டியோட பத்து மணி பஸ்ஸுல தாப்பாவுக்குப் போயிட்டாங்க.