மூணு மணிக்கு மீன்

13.06.2025 வெள்ளிக்கிழமை பிற்பகல் 4.10 மணிக்குத் துறைமுகப் பகுதிக் காவல் நிலையத்தில் தானாக வந்து ஆஜரான சாட்சி சொல்லச் சொல்ல எழுதப்பட்டது.

என் பெயர் சாவியோ. தகப்பனார் பெயர் அருள்நாதன். வயது 29. ராயபுரம் மாதா கோயில் பின்தெரு, கதவு எண் 14, மாடி வீட்டில் மனைவி ஆன்சியுடன் குடியிருக்கிறேன். என் தகப்பனார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். நான் சென்னையிலிருந்து இலங்கை போய்த் திரும்பும் உல்லாசக் கப்பலில் நான்கு வருடமாக உணவு பரிமாறும் வேலை பார்க்கிறேன். நேற்று முன்தினம் கப்பலின் பாதுகாப்பு அதிகாரி விசாரித்து என்னிடம் எழுதி வாங்கிய தாளில் நான் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். அதைத் திருத்துவதற்காக, யாருடைய தூண்டுதலும் இல்லாமல் வந்திருக்கிறேன். அந்தப் பொய்யால், வெள்ளத்துரை என்பவர் தன் தாயார் இசக்கியம்மாளைப் படியில் தள்ளிவிட்டதாகச் சந்தேகப்பட்டு, நேற்று மாலை முதல் இங்கே விசாரிக்கப்பட்டு வருகிறார். அவர் தள்ளவில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்த விதத்தைக் கீழே சொல்கிறேன்.

எங்கள் கப்பலில் சாப்பாட்டுக்கு இரண்டு வழி உண்டு. ஒன்பதாம் தளத்தில் பஃபே, ஐந்தாம் தளத்தில் உட்கார வைத்துப் பரிமாறும் கூடம். பத்துப் பயணிகளில் எட்டுப் பேர் பஃபேக்குத்தான் ஓடுவார்கள். அங்கே யார் சாப்பிட்டார், யார் பட்டினி கிடந்தார் என்று ஒருவருக்கும் தெரியாது. எங்கள் கூடத்தில் யாருக்கு எந்த மேஜை, எந்த நாற்காலி, யார் பரிமாறுவது என்பது முதல் நாளே முடிவாகிவிடும். ஒரு நாற்காலி காலியாக இருந்தால் அன்றைக்கு அது என் கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கும். இதை வீண் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் வருவதற்கு இது வேண்டும்.

09.06.2025 திங்கட்கிழமை மாலை, கப்பல் புறப்பட்ட பிறகு, திருவொற்றியூரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் இசக்கியம்மாள், வயது 61, மகன் வெள்ளத்துரை, மருமகள், இரண்டு பேத்திகள் ஆகியோர் எங்கள் கூடத்து வாசலுக்கு வந்தார்கள். மேலே நூறு ஐட்டம் கீது, வாம்மா என்று மகன் கூப்பிட்டார். அதற்கு அந்த அம்மா, “தட்டத் தூக்கிக்கிட்டு வரிசையில நிக்கதுக்கா இவ்வளவு தூரம் வந்தேன்? இருந்த எடத்துக்குச் சோறு வரணும்” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். பக்கத்து மேஜைக்காரர்கள் சிரித்தார்கள். கடை முதலாளியம்மாவுக்குக் கொஞ்சம் கெத்து அதிகம் என்று நானும் நினைத்துக்கொண்டேன். அதன் பிறகு பேத்திகளுக்கு அதுதான் பிடிக்கும் என்று சொல்லி அவர்களை மேலே அனுப்பிவிட்டு, முட்டு வலி என்று மகனின் தோளைப் பிடித்து வந்து, என்னுடைய ஏழாம் எண் மேஜையில் தனியாக உட்கார்ந்தார். மகன் சாப்பிட்டுவிட்டு வந்து அழைத்துப் போவதாகச் சொல்லிச் சென்றார்.

நான் மெனு அட்டையை நீட்டினேன். அவர் வாங்கவில்லை, நீயே சொல்லு என்றார். சோறு, வஞ்சிரம் வறுவல், முட்டைகோஸ் பொரியல் கேட்டார். நான் கொண்டுவந்து வைத்தேன். அதன் பிறகு அவர் தட்டில் ஒன்றும் இல்லாத இடத்தில் கையை வைத்துப் பிசைந்தார். இரண்டு முறை பிசைந்தார். விரல்கள் வெறும் பீங்கானில் ஓடின. முகத்தை மட்டும் ராணி மாதிரி நேராக வைத்திருந்தார். அவருக்குக் கண் தெரியவில்லை என்று கண்டுகொண்டேன்.

கண் தெரியாத பயணிக்குப் பரிமாற எங்களுக்குப் பயிற்சி உண்டு. தட்டைக் கடிகாரமாக நினைத்து எது எத்தனை மணி இடத்தில் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். நான் தண்ணீர் ஊற்றுவது போலக் குனிந்து, சோறு ஆறு மணிக்கு, மீன் மூணு மணிக்கு, பொரியல் ஒன்பது மணிக்கு என்று சொன்னேன்.  அவர் கை நேராக மூன்று மணி இடத்துக்குப் போனது. சாப்பிட்டு முடித்து, கை கழுவக் கிண்ணம் வைத்தபோது என் கையைப் பிடித்து அவர் சொன்னது: “யார்ட்டயும் சொல்லிராத தம்பி. கண்ணு போச்சுன்னு தெரிஞ்சா கடைச்சாவிய வாங்கிருவாவ. பெறவு நான் எதுக்கு இருக்கேன்?” சர்க்கரையால் ஒரு வருடமாகவே வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது, ஆள் தெரியவில்லை என்றார். கடையில் எல்லாப் பாத்திரமும் கைக்குத் தெரியும், தட்டிப் பார்த்தே எடை சொல்வேன் என்றார். வீட்டிலும் கடையிலும் அடி எண்ணி நடக்கிறவர், பேத்திகள் அழுததால் கப்பலுக்கு வந்துவிட்டார். பஃபேக்குப் போயிருந்தால் முதல் கரண்டியிலேயே பிடிபட்டிருப்பார். மேஜையைக் கேட்டதற்குக் காரணம் கெத்து இல்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

10.06.2025 செவ்வாய்க்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கும் மகன் கொண்டுவந்து விட்டுப் போனார். அன்று அந்த அம்மா கலகலப்பாக இருந்தார். அறையிலிருந்து சுவரைத் தொட்டபடி வந்தால் பதினோரு கதவு, அதற்கடுத்த திறப்பு லிஃப்ட் என்று எண்ணி வைத்திருப்பதாகச் சொன்னார். தனியாக வரக் கூடாது என்று நான் சொன்னேன். அதன் பிறகு தட்டை வைத்து, மீன் மூணு மணிக்கு என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோது, முந்தின நாளைவிட முன்னதாக வந்துவிட்ட வெள்ளத்துரை என் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தார். “இன்னா ப்ரோ, மூணு மணிக்கு மீனா? இப்பவே மணி எட்டாவுது” என்று கேட்டார்.  என் வாய் எப்போதும் என்னைவிட முந்திக்கொள்ளும். நாளைக்கு மதியம் சார், அம்மாவுக்கு ஸ்பெஷல் மீன், மூணு மணிக்குத்தான் ரெடியாகும் என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மா தலையைக் குனிந்து சிரிப்பை அடக்கினார். அவரும் நானும் சேர்ந்து ஒரு திருட்டு மாங்காய் தின்றது போல எனக்கும் சிரிப்பு வந்தது. மகன் அதை நம்பி நடப்பார் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. இன்று மதியம் பன்னிரண்டே முக்காலுக்குக் கொண்டுவந்து விட்டவர்தானே, நாளையும் விடுவார் என்று விட்டுவிட்டேன்.

11.06.2025 புதன்கிழமை கப்பல் நடுக்கடலில் இருந்தது. பன்னிரண்டே முக்காலுக்கு ஏழாம் எண் மேஜை காலி. ஒரு மணிக்கும் காலி. மீனை மூடி வைத்தேன். அறைக்கு இரண்டு முறை போன் செய்தேன், யாரும் எடுக்கவில்லை. ஒன்று பத்துக்கு எங்கள் மேற்பார்வையாளர் சௌக்கத் அலியிடம் போய், ஏழாம் மேஜை அம்மா வரவில்லை, போய்ப் பார்த்து வருகிறேன் என்றேன். மேலே பஃபேக்குப் போயிருப்பாங்க, அடுத்த மேஜையைக் கவனி என்றார். அவங்க போக மாட்டாங்க சார் என்றேன். “எப்படிச் சொல்ற?” என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை.  கண் தெரியாதவர் எப்படி பஃபேக்குப் போவார் என்ற ஒரு வரி என் தொண்டை வரைக்கும் வந்து நின்றது. கொடுத்த வாக்கை நினைத்து விழுங்கிவிட்டேன். அதன் பிறகு இருபத்தைந்து நிமிடம் மற்ற மேஜைகளுக்கு சூப் ஊற்றினேன். ஒரு மேஜையில் சிந்தி, திட்டும் வாங்கினேன்.

ஒன்று முப்பத்தைந்துக்கு அனுமதி கேட்காமல் தட்டைக் கீழே வைத்துவிட்டு ஏழாம் தளத்துக்கு ஓடினேன். அவர் அறைக்கதவு சாத்தியிருந்தது, தட்டியும் பதில் இல்லை. அங்கிருந்து கதவுகளை எண்ணிக்கொண்டு நடந்தேன். எட்டாவது கதவைத் தாண்டியதும் ஊழியர் படிக்கட்டின் கதவு இருக்கிறது. அது சுவரோடு சுவராக மூடியே இருக்கும், தடவினால் தெரியாது. அன்று படுக்கை விரிப்பு வண்டியை முட்டுக்கொடுத்துத் திறந்து வைத்திருந்தார்கள். வண்டியைச் சுற்றி வந்ததில் எண்ணிக்கை தப்பி, அந்தத் திறப்பையே லிஃப்ட் என்று நினைத்து அவர் கால் வைத்திருக்க வேண்டும். வாசலில் ஒரு செருப்பு கிடந்தது. அந்த அம்மா கீழ்த் திருப்பத்தில் சுவரோடு ஒடுங்கிக் கிடந்தார். தலையில் இரத்தம். இடுப்பில் சாவிக்கொத்து அப்படியே இருந்தது. நான் இறங்கிப் போய்த் தூக்கியபோது என் குரலைக் கேட்டு அடையாளம் தெரிந்துகொண்டு, “வெள்ளத்துரைட்ட சொல்லிராத தம்பி” என்றார். அதோடு அவருக்கு நினைவு தப்பிவிட்டது. கப்பல் மருத்துவர் வந்து பார்த்து, விழுந்து இருபது நிமிடம் ஆகியிருக்கும் என்றார். நான் சூப் ஊற்றிக்கொண்டிருந்த நேரம் அது.

அன்று மாலை பாதுகாப்பு அதிகாரியிடம் வெள்ளத்துரை சொன்னது என்னவென்றால், அம்மா தூங்கிக்கொண்டிருந்தார், மூணு மணிக்குத்தான் மீன் என்று வெயிட்டர் சொன்னதால் எழுப்பாமல் பிள்ளைகளை நீச்சல் குளத்துக்கு அழைத்துப் போனேன் என்பது. எங்கள் கூடம் மதியம் இரண்டரைக்கே மூடிவிடும். அதனால் அவர் கதை கட்டுகிறார் என்று அதிகாரி நினைத்தார். என்னைக் கூப்பிட்டு, அப்படிச் சொன்னாயா என்று கேட்டார். சொன்னேன் என்றால் ஏன் சொன்னாய் என்று கேட்பார், அந்தக் கேள்வி நேராக இசக்கியம்மாளின் கண்ணில் போய் நிற்கும். அந்த அம்மா கடைசியாகச் சொன்ன வார்த்தை காதிலேயே இருந்தது. அப்படி எதுவும் சொல்லவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அங்கேயே நின்றிருந்த வெள்ளத்துரை என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. தனக்குத்தான் காதில் தப்பாக விழுந்துவிட்டதோ என்று யோசிப்பது போலப் பார்த்தார். இரண்டு நாளாக அந்தப் பார்வையை என்னால் தள்ள முடியவில்லை.

நேற்று காலை கப்பல் துறைமுகம் வந்ததும் இசக்கியம்மாளை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். மாதவரத்திலிருந்து அவருடைய மகள் மலர் வந்து, கடைச்சாவிக்காகத் தம்பியே தள்ளிவிட்டான் என்று புகார் கொடுத்ததாகக் கேள்விப்பட்டேன். அந்த அம்மா யாருக்குப் பயந்து மறைத்தாரோ அந்தச் சாவிதான் இப்போது மகனுக்கு விலங்காகியிருக்கிறது.

இன்று மதியம் வீட்டில் ஆன்சி சோறு போட்டாள். விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் என்பதால் ஃபைபர் படகில் வந்த சின்ன மீன்தான். தட்டின் வலது பக்கம் வைத்தாள். மூன்று மணி இடம். என்னால் கை வைக்க முடியவில்லை. இன்னா மாமா, முள்ளு மாட்டிக்கிச்சா என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டது: “அந்தம்மா சொல்லாதன்னாங்கோ, சரி. அந்த ஆளு அங்க குந்திகினு கீறாரே, அதுக்கு இன்னா பண்ணப் போற?” சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

முதலில் பொய் எழுதிக் கொடுத்ததற்காக என் மேல் என்ன நடவடிக்கை வந்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். ஒரு மணி பத்துக்கு வாயைத் திறந்திருந்தால் அந்த அம்மா விழுவதற்கு முன்பே ஆள் போயிருக்கலாம். அதற்கு எந்தச் சட்டத்தில் தண்டனை இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

கடைசியாக ஒன்று. இசக்கியம்மாள் இன்னும் கண் விழிக்கவில்லை என்று மருத்துவமனையில் சொல்கிறார்கள். விழித்த பிறகு அவரிடமும் விசாரிப்பீர்கள், இந்தத் தாளையும் காட்டுவீர்கள். தயவுசெய்து கையில் கொடுத்துவிட வேண்டாம். வாங்கிக்கொண்டு படிப்பது போல நேராக உட்கார்ந்திருப்பார். யாராவது வாசித்துக் காட்ட வேண்டும். அதை வெள்ளத்துரையே வாசிக்கட்டும்.

நான் சொன்னவற்றைத் தலைமைக் காவலர் எழுதி எனக்கு உரக்க வாசித்துக் காட்டினார். நானும் என் கண்ணால் ஒருமுறை படித்துப் பார்த்தேன். இதில் உள்ளது எல்லாம் உண்மை.

(ஒப்பம்)
அ. சாவியோ
13.06.2025