முள்ளுக்கு ஒரு தனி அறை

டீயில் சர்க்கரை சரியாக இருக்கிறது, மேடம். பெரும்பாலான அலுவலகங்களில் அது சர்க்கரைத் தண்ணீராக இருக்கும், இல்லையென்றால் கஷாயம். நீங்கள் விசாரிப்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன், எதையும் மறைக்கப்போவதில்லை. எனக்குக் கோபம் வராது. அதற்காகத்தான் மன்றத்தை என் கையில் கொடுத்தார்கள்.

எங்கள் செயலி, வீட்டில் மூச்சுக்கருவியோடு படுத்திருப்பவர்களுக்கானது. மூச்சு குறைந்தால் வீட்டில் இருப்பவரின் செல்போன் அலறும். அதற்கு நிரல் எழுதுகிறவர்கள் யாருக்கும் சம்பளம் கிடையாது. நிரலை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், குறை சொல்லலாம். குறைகள் வந்து சேரும் இடம்தான் எங்கள் இணைய மன்றம். அங்கே ஒருவரையொருவர் கடித்துக் குதறாமல் பார்த்துக்கொள்வது என் வேலை.

முள் என்ற பெயரில் ஒருவர் வந்தார். "இதை எழுதினவனுக்குத் தலைக்குள்ள ஏதாவது இருக்கா, இல்ல தொப்பி மாட்டத்தான் தலையா?" என்பது அவருடைய முதல் வணக்கம். வெளியே தள்ளினால் வேறு பெயரில் வந்து நிற்பார். குருவி என்றொரு பெண் எங்களுக்காக உதவிக் குறிப்புகளை எழுதிக்கொண்டிருந்தாள், கல்லூரி மாணவி. அவளுடைய ஒவ்வொரு வரிக்கும் கீழே ஏதாவது எழுதுவார். "பாப்பா, முதல்ல பல்லு முளைக்கட்டும்." ஒருநாள் அவள் எனக்கு மட்டும் எழுதினாள்: "அண்ணா, நான் போறேன். திரையைத் திறக்கவே பிடிக்கல." அதோடு போய்விட்டாள்.

கதவைச் சாத்தினால்தானே உடைப்பார் என்று அப்போது தோன்றியது. அதனால் சாத்தவில்லை. மன்றத்தில் நடப்பதெல்லாம் அவருக்குத் தெரியும்படியும், அவர் எழுதுவது என்னைத் தவிர யாருக்கும் தெரியாதபடியும் செய்தேன், அவருக்கு மட்டும் ஒரு தனி அறை மாதிரி. பல மன்றங்களில் வழக்கத்தில் உள்ள ஏற்பாடுதான், நான் கண்டுபிடித்ததல்ல.

ஆனால் பதிலே வராவிட்டால் யாருக்கும் சந்தேகம் வருமல்லவா? அதனால் பதில் போட்டேன். முதலில் அக்கா என்ற பெயரில். பிறகு, ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் பேசட்டும் என்று பெரியவர் என்ற பெயரில். அவை அவருடைய திரையில் மட்டும் தெரியும். அக்கா அவரைத் திட்டமாட்டாள். "தம்பி, சாப்டியா? சாப்டுட்டு வந்து சண்டை போடு" என்பாள். துணி மடித்துக்கொண்டிருந்த என் மனைவி ஒருமுறை கேட்டாள், யாரிடம் இப்படிச் சிரித்துச் சிரித்து எழுதுகிறேன் என்று. தம்பியிடம் என்றேன். எனக்குத் தம்பி கிடையாது என்பது அவளுக்குத் தெரியும். மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவர் மெல்ல மெல்ல மாறினார், மேடம். அம்மாவுக்கு மூச்சுக்கருவி வைத்திருப்பதாகவும், அலாரத்தை நம்பாமல் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதாகவும், நன்றாகத் தூங்கியே பல மாதங்கள் ஆகிவிட்டதாகவும் அக்காவிடம் சொன்னார். குருவியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார். குருவியின் பெயரில் நான் மன்னித்தேன். அன்று எனக்கே கண் கலங்கியது. உண்மைக் குருவிகூட அவ்வளவு அழகாக மன்னித்திருக்கமாட்டாள்.

பிறகுதான் அந்தக் குறையை எழுதினார். மின்சாரம் ஒரு கணம் போய் வந்தால் செயலிக்கும் கருவிக்கும் தொடர்பு அறுந்துவிடுகிறது. திரையில் பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருக்கும். அலாரம் வராது. ஒரு கெட்ட வார்த்தை இல்லாமல், தயவுசெய்து பாருங்கள் என்று எழுதியிருந்தார். நான் பார்த்தேன். வீட்டில் எங்கள் சோதனைக் கருவியின் பிளக்கைப் பிடுங்கி மாட்டினேன். அவர் சொன்னது உண்மைதான்.

இதை ஏன் மற்றவர்களிடம் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். சொன்னால் மன்றம் முழுக்க அதையே பேசும். அதை அவரும் பார்ப்பார். தன்னுடைய கண்டுபிடிப்பை யாரோ எடுத்துப் பேசுகிறார்கள், தன் பெயர் எங்கே என்று கேட்பார். பிறகு அந்த அறையைத் திறந்துகாட்ட வேண்டியிருக்கும். அக்கா இல்லை, பெரியவர் இல்லை, குருவி மன்னிக்கவில்லை என்று தெரிந்தால் அந்த மனுஷன் என்ன ஆவார்? யோசித்துப் பாருங்கள். நான் அவரைப் பற்றித்தான் யோசித்தேன்.

செயலியின் பதிப்பு எண்ணை மட்டும் மாற்றி அவருக்கு அனுப்பினேன். உள்ளே ஒரு வரியும் மாறவில்லை. "சரி பண்ணியாச்சு தம்பி. பெரியவரும் அவர் வீட்ல போட்டுப் பார்த்துட்டார். இனி அந்த நாற்காலியை விட்டு எந்திரி" என்றாள் அக்கா. முன்பெல்லாம் எதையும் பத்துத் தடவை சோதித்துப் பார்த்து நம் கழுத்தை அறுப்பவர், அன்று சோதிக்கவே இல்லை. ரொம்ப நன்றி அக்கா என்று மட்டும் எழுதினார். அந்த அளவுக்கு நம்பக் கற்றுக்கொண்டிருந்தார். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஒரு மத்தியானம் அம்மாவைப் படுக்கவைத்துவிட்டு, செல்போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு முடி வெட்டிக்கொள்ளப் போயிருக்கிறார். அந்த நேரத்தில் அவர் வீட்டில் மின்சாரம் போய் வந்து, அதன்பின் அம்மாவுக்கு மூச்சு குறைந்திருக்கிறது. மற்ற வீடுகளில் இப்படிப் போனவர்களைப் பற்றி நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அன்றே அறைக்கு வந்தார். "அக்கா, அம்மா போயிட்டாங்க. போன்ல பச்சை விளக்குதான் எரிஞ்சுது. புதுப் பதிப்பை நான்தான் ஒழுங்கா போடலையோ?"

"இருக்கலாம் தம்பி. உன்னையே போட்டு வருத்திக்காத" என்றாள் அக்கா.

அவர் யாரையும் திட்டவில்லை, மேடம். பழைய முள்ளாக இருந்திருந்தால் மன்றத்தையே கொளுத்தியிருப்பார். ஒரு மனிதனை அந்த அளவுக்கு மாற்ற முடியும் என்பதை உங்கள் அறிக்கையில் எங்காவது எழுதுங்கள்.

என் கணினியை எடுத்து வைத்திருக்கிறீர்கள். பரவாயில்லை. ஐந்து நிமிடம் மட்டும் கொடுங்கள், நீங்களும் பக்கத்தில் இருந்து பாருங்கள். காலையிலிருந்து அவருக்கு யாரும் பதில் போட்டிருக்கமாட்டார்கள். சாப்பிட்டாரா என்று கேட்க அவருக்கு வேறு யார் இருக்கிறார்கள்?