நெழல்ல காயட்டும்

சிரிக்க வைக்கிறேன்னு சொன்னேன்ல சார், வைப்பேன். ஆனா இப்ப இல்ல, மொதல்ல காபியக் குடிங்க. அப்பா வந்துரட்டும். சென்னையில இருந்து வெங்கடேஷ்பாபு சார் தேடி வாராருன்னா டாக்டர் துளசிராம் எங்க போயிறப் போறாரு?

ஏன் அந்தச் செவுத்தையே பாக்குறீங்க? வெறும் ஆணி சார். காலண்டர் தொங்குச்சு.

அதுவரைக்கும் நான் ஒண்ணு செஞ்சு காட்டுறேன். எங்க ஹெட்மாஸ்டர்: தம்பி கோகுல்நாத், நீ உருப்படுறது கஷ்டம், இருந்தாலும் முயற்சி பண்ணு. கே.கே. நகர் மினி பஸ் கண்டக்டர்: உள்ள போ, உள்ள போ, உள்ள ஒரு ஊரே காலியாக் கெடக்கு. அப்புறம் இது யாருன்னு சொல்லுங்க: ஹலோ, துளசிராம் சார் இருக்காரா, தொந்தரவு பண்றேனா? நீங்கதான் சார். சிரிச்சிட்டீங்க பாத்தீங்களா. நான் சொன்ன சிரிப்பு இது இல்ல, அது வேற இருக்கு.

அப்பா பண்ற படிகத்தப் பத்தி உங்களுக்குத் தெரியாததா. எனக்கு ஒரு தடவ சொன்னாரு. உலோகத்தத் தூண் மாதிரி நட்டு, நடுவுல கரிமத்த உத்தரமாக் கோத்துருவாங்களாம். உள்ள பூராம் அறை அறையா இருக்கும், ஆளே இருக்காது. ஒரு ஸ்பூன் எடுத்து விரிச்சா எங்க ஸ்கூல் கிரவுண்டு அம்புட்டு வருமாம்.

பேப்பரும் நெறயத்தான் எழுதுனாரு. எழுதுனா மட்டும் போதாதாமே. வேற ஒரு ஆளு தன் பேப்பர்ல, இது துளசிராம் கண்டதுன்னு போடணுமாம், அதுதான் மதிப்பாம். அவரு பேர அவரே போட்டுக்கிட்டதுதான் சாஸ்தி சார். ஞாயித்துக்கெழமையானா பழங்காநத்தத்துல பிரவுசிங் சென்டர்ல உக்காந்து தேடுவாரு. திரும்பி வந்து சட்டையக் கழட்டிக்கிட்டே அம்மாகிட்ட, இன்னைக்கும் யாரும் நம்ம பேரக் கூப்பிடல ராதாமணிம்பாரு.

அப்புறந்தான் உங்க போனு. ஜூன்ல ஒருநா, படிகத்துல இருக்க கரைசல வெளியேத்துனா மொத்தமும் பொடிஞ்சு உக்காந்துருதுன்னீங்க. அவசரப்படாதீங்க, நெழல்ல காயட்டும்னு பதில் வந்துச்சு. சார், அது அப்பா எல்லாத்துக்கும் சொல்றது. அம்மா வத்தல் போட்டாலும் அதான், நான் சைக்கிளுக்குப் பெயிண்ட் அடிச்சாலும் அதான். நீங்க அதையே செஞ்சு, படிகம் நின்னுருச்சுன்னு மறுபடி கூப்பிட்டீங்க. அம்மா ஓடிப்போயி அடுப்ப அணைச்சாங்க. குக்கர் விசிலடிச்சா பேச்சு கேக்காதுல்ல. கதவுக்குப் பின்னாடி நின்னு கேப்பாங்க. அதுல இருந்து போன் அடிச்சா மொதல்ல அடுப்புதான் அணையும்.

சொந்தப் புருசன் பேசுறத ஏன் ஒளிஞ்சு கேக்கணும்னா? நல்ல கேள்வி சார், பொறுங்க.

உங்க பேப்பர்ல எங்க போட்டுருக்கீங்க? இந்தக் கடைசிப் பக்கத்துலயா. துளசிராம், தொலைபேசியில் தெரிவித்தது, ஜூன் 2004. அழகா இருக்கு சார். அவரு பாத்திருந்தா தெருவே கேக்கச் சொல்லிருப்பாரு.

ஆங், சொல்லுங்க வெங்கடேஷ். அவசரப்படாதீங்க. நெழல்ல காயட்டும்.

வாசலப் பாக்காதீங்க சார், அங்க யாரும் வரல. என்னப் பாருங்க. ஆங், சொல்லுங்க வெங்கடேஷ்.

அப்பா மாசியிலயே போயிட்டாரு. காரியம் முடிஞ்ச மறுநாள் நீங்க மொதத் தடவ கூப்பிட்டீங்க. வெளையாட்டாத்தான் அவரு கொரல்ல பேசுனேன். திரும்பிப் பாத்தா அம்மா நிக்கிறாங்க. அன்னைக்குத்தான் ஒரு வாய் சாப்பிட்டாங்க. எங்க சௌராஷ்டிர பாஷையில அவரு மாதிரி ஒரே ஒரு தடவ என்னையக் கூப்பிடுடான்னு கேட்டாங்க. மாட்டேன்னுட்டேன். போன்ல மட்டும்தான் அந்தக் கொரலு. ஒருநா ஸ்கூல்ல அட்டெண்டன்ஸ் எடுக்கயில என் பேரச் சொன்னாங்க, எஸ் சார்னு அவரு கொரல்ல வந்துருச்சு. அதுல இருந்து எனக்கே பயம்.

அந்த ஆணியில இருந்த படம் கட்டிலுக்கு அடியில இருக்கு, மாலையோட. காலையிலதான் கழட்டுனேன்.

எந்திரிச்சிட்டீங்க. சிரிப்பு இதான் சார், வரலன்னா விடுங்க. பேர மட்டும் அடிச்சிராதீங்க, வார்த்த அவரோடதுதான். அப்புறம், செல்லு வச்சிருக்கீங்கள்ல? தெருமுனைக்குப் போயி ஒரு போன் போடுங்க. அம்மா அப்பவே அடுப்ப அணைச்சிட்டாங்க.