துரு டாக்டர்

கங்காதரன்: இன்னாடா, படகு இன்ஜினையே மொறைச்சுப் பாத்துக்கினு கீற. கை வை.

தேவேந்திரன்: கை வெச்சு இன்னா பண்ணணும்ணா?

கங்காதரன்: நட்டு அசைய மாட்டேங்குது. துரு. நீதானே துரு டாக்டர்.

தேவேந்திரன்: நான் எப்பண்ணா இன்ஜின் டாக்டர் ஆனேன்?

கங்காதரன்: நம்ம தோணிரேவு ஊரு பூரா அதான் பேச்சு. கங்காதரன் தம்பி வடக்க துருவைப் பத்தி ஆராய்ச்சி பண்றான், ஏரித் தண்ணில துருவே புடிக்காத இன்ஜின் கொண்டாரப் போறான்னு.

தேவேந்திரன்: போச்சுடா... அண்ணா, அது கோதுமை இலைல வர்ற துரு. பூஞ்சணத்தால வர்ற ஒரு நோய். ஆரஞ்சுப் பொடியா கையில ஒட்டும், அதனால அந்தப் பேரு. இரும்புக்கும் அதுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல.

கங்காதரன்: கோதுமைக்கா... அப்ப இத்தினி வருஷமா நீ ஒரு நட்டு கூட கழட்டினதில்லியா?

தேவேந்திரன்: என் சைக்கிள் நட்டையே பக்கத்து வீட்டுக்காரன்தான் கழட்டினான்.

கீதா: தம்பி, நீங்க கொண்டாந்த மாவுல சப்பாத்தி போட்டேன். ஆறினதும் பலகையா ஆயிடுச்சு. அது...

தேவேந்திரன்: நான் உருவாக்கின கோதுமையேதான் அண்ணி. துருவும் தின்னாது, மனுஷனும் தின்ன முடியாதுன்னு ஆபீஸ்லயே அதுக்கு நல்ல பேரு.

கீதா: அங்க அப்பிடி இன்னாதான் பண்ணீங்க?

தேவேந்திரன்: கல்யாண புரோக்கர் வேலை. கோதுமைப் பூ தனக்குள்ளயே சேந்துக்கும், வெளிய சம்பந்தம் தேடாது. நான் போய் ஆண் பாகத்தை இடுக்கியால கிள்ளிப் போட்டுட்டு, ஒரு காட்டுப் புல்லோட மகரந்தத்தைத் தூவி, மேல காகிதப் பை கட்டிட்டு வருவேன்.

கங்காதரன்: நல்லாக் கீற குடும்பத்தைப் பிரிச்சு வுட்டிருக்க.

தேவேந்திரன்: அந்தப் பாவம் சும்மா விடல. அந்தப் புல்லு துருவைத் தாங்கும். அந்தக் கொணம் கோதுமைக்கு வரணும். பொறந்ததுல எது தாங்குதுன்னு பாத்து, அதை மட்டும் வெதைச்சு, மறுபடி பாத்து... என் தலைல முடி கொட்டினதுதான் மிச்சம். கடைசியா ஒண்ணு தேறிச்சு.

கீதா: பேப்பர்ல கூட உங்க போட்டோ போட்டாங்களே.

தேவேந்திரன்: ...போட்டாங்க.

கங்காதரன்: அப்பறம் ஏன்டா மூஞ்சைத் தொங்கப் போட்டுக்கினு கீற?

தேவேந்திரன்: துரு வேற வேஷத்துல வந்துடுச்சுண்ணா. நான் ஆயுசு பூரா படிச்ச பாடத்தை அது ரெண்டே அறுவடைல படிச்சு பாஸ் பண்ணிடுச்சு. இப்ப துரு அந்தக் கோதுமையைத் தின்னக் கத்துக்கிச்சு. மனுஷந்தான் இன்னும் கத்துக்கல.

கீதா: அடப் பாவமே...

தேவேந்திரன்: சிரிங்க அண்ணி. அழுது முடிச்சப்பறம் நானே சிரிச்சேன்.

கங்காதரன்: சரி, இதை வெளிய பேசாத. நாளைக்குக் காலைல பாடு சீட்டு குலுக்கறாங்க. ஏரில எந்த எடத்துல எவன் வலை கட்டறதுன்னு. ஊரே நிக்கும். நீ இந்த இன்ஜின் பக்கத்துல நின்னு ரெண்டு வார்த்தை சொல்லு.

தேவேந்திரன்: இன்னான்னு?

கங்காதரன்: துருவுக்கு மருந்து ரெடி ஆயிக்கினே கீதுன்னு.

தேவேந்திரன்: ஐயோ, வேணாம்ணா. அண்ணன் தப்பாப் புரிஞ்சிக்கிச்சுன்னு நானே எழுந்து சொல்லிடறேன்.

கீதா: சொல்லிடாதீங்க தம்பி. ஏரித் தொழிலை வுட்டுப் போனவனுக்குப் பாடு கெடையாது. நீங்க நம்ம இன்ஜினுக்காகப் படிக்கறீங்கன்னுதான் உங்க பேரை இன்னும் வெட்டாம வெச்சிருக்காங்க.

தேவேந்திரன்: என் பேருல பாடு இருக்குதா? அதுல யாரு வலை கட்டறது?

கீதா: வேற யாரு... உங்கண்ணன்தான். நைனா போனதுலேர்ந்து ரெண்டு பாடு. அதுலதான் எங்க பொழப்பு ஓடுது.

கங்காதரன்: ஏய், நீ போய் அடுப்பைப் பாரு.

தேவேந்திரன்: அண்ணியைத் திட்டாதண்ணா.

கங்காதரன்: உனக்கு லீவு எப்ப முடியுது? ஒரே ஒரு நாளு வாயை மூடிக்கினு நின்னுட்டுப் போயிடு.

தேவேந்திரன்: லீவு இல்லண்ணா. வேலையை விட்டுட்டேன். ஏரில எனக்கொரு பாடு கெடைக்குமான்னு உங்கிட்ட கேக்கத்தான் வந்தேன்... இப்பக் கேக்க வாய் வரல. ரெண்டையும் நீயே வெச்சுக்க.

கீதா: இன்னாங்க, தம்பி வேலையையே வுட்டுட்டாராம்.

கங்காதரன்: கோதுமைத் துருன்னு நீ மொத தடவை போன்ல சொன்னப்பவே எனக்கு வெளங்கிடுச்சுடா. இன்னிக்குத் தெரியாத மாதிரி நடிச்சேன். கோதுமைன்னா ஊரு உன் பேரை வெட்டிடும். என்னிக்காவது திரும்பி வந்தா உனக்கு நிக்க எடம் வேணாமா? அதான் இன்ஜின்னு சொல்லி வெச்சேன். நாளைலேர்ந்து உன் பேருல கீற பாட்டுல நீயே வலை கட்டு... இந்தா ஸ்பேனர். அந்தத் துருகிட்டதான் தோத்துட்டு வந்துட்ட, இதையாவது நாளைக்குள்ள ஜெயிச்சு என் பொய்யைக் காப்பாத்து.